கல்லில் வேய்ந்த கூரை: மாமல்லபுரத்துக் கொற்றவை கோயில்



தமிழகக் கோயில்களைப் பற்றிப் பேச வருபவர்கள் பெரும்பாலும் உயரமானவற்றையே தேர்ந்தெடுப்பார்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது ஏறத்தாழ 18 அடி உயரமே உள்ள ஒரு கோயில். அதற்குக் கோபுரம் இல்லை, திருச்சுற்று இல்லை, முன்மண்டபமும் இல்லை. விளக்கேற்றுவாரும் பூச்சார்த்துவாரும் இல்லை. நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம், பக்கத்தில் இருக்கும் யானையின் அருகே நின்று இன்னொரு படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறோம். மாமல்லபுரத்தில் ஐந்து இரதங்கள் என்று வழங்கும் தொகுதியின் வடகோடியில் நிற்கும் சின்னஞ்சிறு கொற்றவை கோயிலைத்தான் சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்லவச் சிற்பிகள் தேவிக்கு இங்கே புதிதாக ஒரு வீட்டைக் கற்பனை செய்யவில்லை. காட்டோரத்திலும் ஊர் எல்லையிலும் அவளுக்கு முன்பே இருந்த கூரைக் கோயிலைப் பார்த்துத்தான் இதைச் செதுக்கினார்கள். கூரைக் கோயில் ஆசிரியர், கற்கோயில் மாணவர். இந்த உறவை உணர்ந்து அந்த வாசலில் நிற்பதே இக்கோயிலுக்குச் செல்வதன் முழுப்பொருள் என்று நான் நம்புகிறேன்.

பாறையும் கூரையும்

தெற்கு வடக்காக நீண்டு கிடந்த ஒரே பாறைத்தொடரிலிருந்து நான்கு கோயில்களைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். தென்கோடியில் பாறை உயர்ந்திருந்தது; அங்கே மூன்று தளங்களோடு தருமராச இரதம் எழுந்தது. வடக்கே வரவரப் பாறை தாழ்ந்தது. கடைசியில் எஞ்சிய சிறு துண்டே தேவியின் கோயிலாயிற்று. பக்கத்திலுள்ள அருச்சுன இரதமும் இதுவும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டு நிற்கின்றன. சற்று மேற்கே தூங்கானை வடிவில் நகுல சகாதேவ இரதம் தனித்து நிற்கிறது. இந்தப் பாண்டவப் பெயர்கள் எல்லாம் பிற்காலத்தில் மக்கள் இட்டவை. திரௌபதி இரதம் என்று பெயர்ப்பலகை சொல்லும் இக்கோயிலுக்கும் பாரதக் கதைக்கும் தொடர்பில்லை. உள்ளே இருப்பவள் கொற்றவை.

இவற்றைச் செதுக்குவித்தவன் மாமல்லன் எனப்பட்ட பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அவனுடைய ஆட்சி 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. டாக்டர் இரா. நாகசாமி, மாமல்லபுரத்துப் படைப்புகள் அனைத்தும் பிற்காலப் பல்லவ மன்னன் இராசசிம்மனுக்கே உரியவை என்று 1962இல் வாதிட்டார். அப்படியானால் காலம் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு நகரும். எப்படிக் கொண்டாலும், ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் கடற்காற்றில் நிற்கும் கோயில் இது.

இதன் தரை சுமார் 11 அடிச் சதுரம். நான்கு சுவர்களுக்கு மேல் கூரை நான்கு பக்கமும் வளைந்து இறங்குகிறது. மற்ற இரதங்களில் நாம் காணும் தள வரிசைகள், சிறுகோயில் மாலைகள், கூடுகள் எதுவும் இதன் உச்சியில் இல்லை. வைக்கோலோ ஓலையோ வேய்ந்த குடிசையின் கூரை எப்படி நடுவில் சற்றே புடைத்து, இறவாரத்தில் தாழ்ந்து வருமோ அப்படியே இதுவும் வருகிறது. கூரையின் விளிம்புகளிலும் மூலைகளிலும் மட்டும் கொடிவேலைப்பாடு ஓடுகிறது. வேய்ந்த ஓலை காற்றில் பறக்காமல் கட்டிவைத்த கட்டுகளை அழகுபடுத்தினால் அப்படித்தான் இருக்கும்.

இந்த இடத்தில் விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டை நினைக்க வேண்டும். அங்கே பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயிலில் ஒரு வடமொழிக் கல்வெட்டு இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் ஆகியோருக்கு ஒரு கோயில் எடுத்ததாக அவன் அதில் பெருமையோடு அறிவிக்கிறான். அந்த அறிவிப்புக்குள்ளேயே ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. அதுவரை கோயில் என்றால் செங்கல்லும் மரமும் சுதையும்தான். அவை அழிந்துவிட்டன. அவற்றின் உருவத்தை நாம் இன்று அறிய வேண்டுமானால் கல்லில் பதிந்த நிழலைத்தான் பார்க்க வேண்டும். சிவனுக்கும் திருமாலுக்கும் மாடக்கோயில் மரபு இருந்தது. கல்லிலும் அவர்களுக்கு மாடங்கள் கிடைத்தன. தேவிக்கு மட்டும் குடிசை. அரசனுக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றா கொள்வது? பக்கத்திலேயே பல தளக் கோயில்களைச் செதுக்கிய கைகள் அவை. மக்கள் அவளை எந்த வீட்டில் கண்டார்களோ அந்த வீட்டிலேயே அவளை வைக்க வேண்டும் என்ற மரியாதை இது.

வலம் வரும் முறை

மாணவர்களே, இக்கோயிலை நீங்கள் பார்க்கப் போகும்போது நேராக வாசலுக்கு ஓடாதீர்கள். முதலில் எதிரே நிற்கும் சிங்கத்தைப் பாருங்கள். தனிப்பாறையில் செதுக்கிய முழு உருவம் அது. அருச்சுன இரதத்துக்குப் பின்னே நந்தி இருக்கிறது. நகுல சகாதேவ இரதத்தின் பக்கத்தில் யானை இருக்கிறது. தேவியின் முன்னே அவளுடைய ஊர்தி நிற்கிறது. மேடையின் அடியில் சிங்கங்களும் யானைகளும் மாறிமாறி நின்று இரு கோயில்களையும் தாங்குகின்றன.

பிறகு வாசல். மகர தோரணத்தின் கீழே இருபுறமும் காவலர்கள். அவர்கள் பெண்கள். ஒருத்தியிடம் வில் இருக்கிறது, மற்றவளிடம் வாள். சிவன் கோயிலிலும் திருமால் கோயிலிலும் தண்டூன்றி நிற்கும் ஆடவரையே கண்டு பழகிய நமக்கு இது பெரிய செய்தி. இந்த ஒரு குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் ஊரிலுள்ள குன்றின் அந்தப்புறம் இருக்கும் கோடிக்கால் மண்டபத்துக்குப் போகலாம். அது சிறிய குடைவரை. கருவறையில் இன்று உருவம் ஏதும் இல்லை. யாருக்குரிய கோயில் என்று யாரைக் கேட்பது? வாசலில் ஆயுதம் தாங்கிய இரு பெண்கள் நிற்கிறார்கள். அது தேவியின் கோயில் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். வெறுங் கருவறையையும் வாசலை வைத்துப் படிக்கலாம் என்ற பாடம் அங்கே கிடைக்கிறது.

திரும்பவும் நம் கோயிலுக்கு வருவோம். மற்ற மூன்று சுவர்களிலும் மாடங்களில் தேவியே நிற்கிறாள். பின்புறம், கிழக்குச் சுவரில், அவள் காலடியில் எருமைத்தலை கிடக்கிறது. ஆகவே இக்கோயிலைச் சுற்றி வராதவர் அவளுடைய வெற்றியைக் காண்பதில்லை. முன்னால் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணி அவளுடைய ஒரு முகத்தை மட்டும் கண்டு போகிறார். வலம் வருதல் என்பது நம் முன்னோர் வைத்த சடங்கு என்று மட்டும் நினைத்திருந்தோம். இங்கே அது படிக்கும் முறையாகவும் இருக்கிறது.

கருவறையில்

கோயில் மேற்கு நோக்கியது. ஆகவே பிற்பகலில் போங்கள். சாயும் வெயில் பின்சுவர் வரை செல்லும். அங்கே அவள் தாமரைப் பீடத்தின் மேல் நேராக நிற்கிறாள். நான்கு கைகள். மேற்கைகளில் சக்கரமும் சங்கும். கீழ் வலக்கை அஞ்சேல் என்கிறது. கீழ் இடக்கை இடையில் ஊன்றியிருக்கிறது. மேலே பூதகணங்கள் மிதக்கின்றன. காலடியில் இருவர் முழந்தாளிட்டிருக்கிறார்கள். ஒருவன் வழிபடுகிறான். மற்றவன் ஒரு கையால் தன் முடியைப் பற்றி, மறு கையிலுள்ள வாளைத் தன் கழுத்தில் வைத்திருக்கிறான். தன் தலையைத் தானே அரிந்து தேவிக்குக் கொடுக்கப் போகிறான்.

இந்த உருவத்தைப் பார்த்தவுடன் பலர் முகம் சுளிக்கிறார்கள். சிலர் பெருமிதம் கொள்கிறார்கள். இரண்டையும் தள்ளிவைத்து, இது என்ன என்று கேட்பதே நம் கடமை.

இது ஒரு சிற்பியின் தனிக் கற்பனை அன்று. இதே ஊரில் வராக மண்டபத்திலும் தலை கொடுப்பவன் இருக்கிறான். செஞ்சிக்கு அருகே சிங்கவரத்துக் குடைவரையில் இருக்கிறான். சோழர் காலத்தில் தஞ்சைப் பக்கத்துப் புள்ளமங்கையில், குடையின் கீழ் எருமைத்தலை மேல் நிற்கும் கொற்றவையின் இருபுறமும் வீரர்கள் தம் உடலை அரிந்து கொடுக்கிறார்கள். அவள் பக்கத்தில் சிங்கமும் நிற்கிறது, மானும் நிற்கிறது. கல்வெட்டுச் சான்றும் உண்டு. நெல்லூர்ப் பகுதியிலுள்ள மல்லம் என்ற ஊரில், பல்லவ மன்னன் கம்பவர்மன் காலத்தில் ஒருவன் நவகண்டம் கொடுத்து, அதாவது உடலை ஒன்பது இடங்களில் அரிந்து, தன் தலையையும் தேவியாகிய பட்டாரிக்கு அளித்த செய்தியும், அதற்காக ஊரார் நிலம் விட்ட செய்தியும் தமிழில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. டச்சு அறிஞர் போகல் 1931இல் பல்லவச் சிற்பங்களிலுள்ள இந்தத் தலைப்பலியைப் பற்றியே தனிக் கட்டுரை எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் சயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியில் காளி கோயிலைப் பாடும்போது, தலையை அரிந்து தேவியின் கையில் கொடுத்த பின்னும் உடல் கும்பிட்டு நிற்பதாகக் காட்டுகிறார்.

தொல்காப்பியம் போரின் தொடக்கமாகிய வெட்சியை ஒட்டியே கொற்றவை நிலையைப் பேசுகிறது. போருக்குப் போகிறவன் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அந்த நிச்சயமின்மையோடு அவன் தேவியின் முன் வந்து நிற்கிறான். தன்னிடம் உள்ளவற்றில் மிகப் பெரியதை முன்வைக்கிறான். அவனுக்கும் அவளுக்கும் இடையில் அந்தச் சிற்பத்தில் பூசாரி இல்லை, மந்திரம் சொல்பவர் இல்லை, அரசனும் இல்லை. இந்தத் தலைப்பலியை நாம் இன்று வழக்கமாக ஏற்க முடியாது, ஏற்கவும் கூடாது. ஆனால் அச்சமும் நம்பிக்கையும் எவ்வளவு ஆழத்தில் கலந்திருந்தால் ஒரு மனிதன் இப்படி முழந்தாளிடுவான் என்று அவன் முன்னே நின்று எண்ணிப் பார்க்க நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

சிற்பியின் நுட்பத்தையும் கவனியுங்கள். வாள் கழுத்தில் இருக்கிறது. தலை இன்னும் உடலில் இருக்கிறது. தேவியின் கை அஞ்சேல் என்கிறது. அந்தக் கை அவனைத் தடுக்கிறதா, ஏற்றுக்கொள்கிறதா? சிற்பி முடிவு சொல்லாமல் நிறுத்தியிருக்கிறான். பார்ப்பவர் ஒவ்வொருவரும் அந்த முடிவின் பொறுப்பைச் சுமந்துகொண்டுதான் வெளியே வர வேண்டும்.

குன்றின் மேல் ஒரு போர்

இதே ஊரில் அவளுடைய இன்னொரு வடிவத்தையும் பார்த்துவிட வேண்டும். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மகிடாசுரமர்த்தினி மண்டபம். வடபுறச் சுவரில், சிங்கத்தின் மேல் எட்டுக் கைகளோடு ஏறிவரும் தேவி வில்லை வளைக்கிறாள். பூதகணங்கள் ஆரவாரித்து வருகின்றன. எதிரே எருமைத்தலையும் மனித உடலுமாக மகிடன், இரு கைகளாலும் கதையைப் பற்றியபடி பின்னுக்குச் சாய்கிறான். அவளுக்கு மேலே குடை. அவனுக்கு மேலேயும் குடை. எதிரியின் அரச மரியாதையைக் குறைக்காமல் செதுக்கிய பெருந்தன்மையை நான் வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் கண்டதில்லை.

எதிர்ச் சுவரில், தெற்கே, திருமால் பாம்பணையில் துயில்கிறார். அவர் காலருகே மது கைடபர் கதையோடு நிற்கிறார்கள். பலர் இந்த இரண்டையும் தொடர்பில்லாத இரு கதைகளாகப் பார்த்துச் செல்கிறார்கள். தேவி மாகாத்மியத்தில் முதற்கதை மது கைடபர் கதை. திருமாலின் துயிலாக அவரிடம் குடியிருப்பவளே தேவி. அவள் விலகினால்தான் அவர் எழுந்து போரிட முடியும். இரண்டாம் கதை மகிட வதம். ஆகவே அந்த மண்டபத்தின் இரு சுவர்களும் ஒரே நூலின் அடுத்தடுத்த இயல்கள். ஒன்றில் அவள் கண்ணுக்குப் புலப்படாத துயில். மற்றொன்றில் கண்கூசும் ஆற்றல். நடுவில் நிற்கும் நாம் தலையை இருபுறமும் திருப்பிப் படித்துக்கொள்ள வேண்டும்.

குன்றின் மேல் இருப்பவள் புராணத்திலிருந்து வருகிறாள். கீழே, குடிசைக்குள் நிற்பவள் வேட்டுவராகிய எயினர் வணங்கிய கொற்றவையின் உறவினள். சிலப்பதிகார வேட்டுவ வரியை நினைத்துப் பாருங்கள். கண்ணகியும் கோவலனும் கவுந்தியடிகளும் மதுரைக்குப் போகும் வழியில் ஐயை கோட்டத்தில் தங்குகிறார்கள். எயினர் தம் குலத்துக் கன்னி ஒருத்தியைத் தேவியாகவே கோலம் செய்கிறார்கள். கூந்தலில் சிறு பாம்பைச் சுற்றுகிறார்கள். பன்றிக் கொம்பைப் பிறையாகச் சூட்டுகிறார்கள். புலிப்பல் தாலி அணிவிக்கிறார்கள். கையில் வில் கொடுத்துக் கலைமான் மேல் ஏற்றுகிறார்கள். காட்டில் கிடைத்ததெல்லாம் அவளுக்கு அணியாயின. இளங்கோவடிகள் காட்டும் அந்தக் கன்னியையும், புள்ளமங்கைக் கொற்றவையின் அருகே நிற்கும் மானையும் சேர்த்துப் பார்க்கும்போது, புராணத் தேவியும் காட்டுத் தேவியும் தமிழ் மண்ணில் ஒருத்தியாகவே வளர்ந்தார்கள் என்பது விளங்கும்.

கடற்கரைக் கோயில் வளாகத்தில் ஒரு சிங்கத்தின் மார்பைச் சதுரமாகக் குடைந்து அதற்குள் தேவியை வைத்திருக்கிறார்கள். அருகே தலையிழந்த மான் ஒன்று படுத்திருக்கிறது. வடக்கே சில கிலோமீட்டரில் சாளுவன்குப்பத்தில், அதிரணசண்ட மண்டபத்தின் முன்னே ஒரு சிறு பாறையில் மகிடனோடு போரிடும் தேவி இருக்கிறாள். யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற இந்த ஊரில், திரும்பும் பக்கமெல்லாம் அவள் இருக்கிறாள். ஒரு முழு நாளைத் தேவிக்கு மட்டுமே ஒதுக்கி நடக்கலாம்.

மாசி மகத்துக் கடற்கரை

கல்லோடு நின்றுவிட்டால் என் பேச்சு பாதிதான். மாசி மகத்துப் பௌர்ணமிக்கு மாமல்லபுரம் போங்கள். வடதமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரைக்கு வருகிறார்கள். சேலைகளைக் கட்டி மறைப்புகள் அமைத்து மணலிலேயே தங்குகிறார்கள். அவர்கள் தெய்வம் கன்னியம்மன். அவள் கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்டாள். அவளைச் சமாதானம் செய்து அழைத்துவர வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. விடியற்காலையில் மணலைக் குவித்துக் கோயில் கட்டுகிறார்கள். ஏழு படி வைக்கிறார்கள். குழை நட்டு, பூவும் பழமும் வைத்து வழிபடுகிறார்கள். பூசாரி மேல் அம்மன் வந்து குறி சொல்கிறாள். திருமணம் பேசி முடிக்கிறார்கள். அங்கேயே தாலி கட்டுவோரும் உண்டு. பிறகு அலை வந்து மணற்கோயிலைக் கொண்டுபோகிறது. அடுத்த மாசியில் வேறு மணல், அதே கோயில்.

ஒரே கடற்கரையில், நடந்து போகும் தொலைவில், இரண்டும் இருக்கின்றன. ஆயிரத்து முந்நூறு ஆண்டு பழைய கல்லில் ஒரு குடிசை. ஆண்டுதோறும் புதிதாகும் மணலில் ஒரு கோயில். கல்லில் உள்ளது அழியாமல் நின்றது. ஆனால் அங்கே இன்று வழிபாடு இல்லை. மணலில் உள்ளது ஒரு நாளில் அழிகிறது. வழிபாடு நிற்கவே இல்லை. பழமை என்றால் என்ன என்று ஆராயும் மாணவர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கல்லின் வயதை மட்டும் எண்ணுவதால் பழமை பிடிபடாது. கைமாறி வரும் வழக்கத்துக்கும் வயது உண்டு.

நம் முன் உள்ள வேலை

இதிலிருந்து எனக்கு ஒரு கவலையும் ஒரு வேண்டுகோளும் பிறக்கின்றன.

கவலை இது. நம் ஊர்களில் பிடாரிக்கும் செல்லிக்கும் கன்னிமாருக்கும் கூரைக் கோயில்களும் ஓட்டுக் கோயில்களும் இருந்தன. இன்று கையில் பணம் சேர்ந்தவுடன் அவற்றை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கோபுரம் எழுப்புகிறோம். சுவரில் பளபளக்கும் ஓடு பதிக்கிறோம். பழைய கல்லை வேலியோரம் சாய்த்துவைத்துவிட்டுப் புதிய சிலையை நிறுத்துகிறோம். பக்தியால்தான் செய்கிறோம், அதில் ஐயமில்லை. ஆனால் பெரிய கோயிலைப்போல் ஆக்கினால்தான் அம்மனுக்குப் பெருமை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பேரரசன் ஒருவன் தன் தலைசிறந்த சிற்பிகளை அழைத்து, மிகக் கடினமான கல்லில், ஓலைக் கூரையைச் செதுக்கச் சொன்னான். அவனுக்குத் தாழ்வாகத் தோன்றாத கூரை நமக்கு ஏன் தாழ்வாகத் தோன்ற வேண்டும்?

வேண்டுகோள் மாணவர்களுக்கு. உங்கள் ஊரில் இருக்கும் அம்மன் கோயிலுக்கு ஒரு நாள் அளவுகோலும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு போங்கள். கூரை எப்படி வேயப்பட்டிருக்கிறது, எந்தத் திசையை நோக்கியிருக்கிறது, வாசலில் யார் நிற்கிறார்கள், வேலியோரம் சாய்ந்திருக்கும் கல்லில் என்ன உருவம் இருக்கிறது என்று எழுதுங்கள். பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும், முக்கியமாகப் பொங்கல் வைக்கும் பெண்களிடமும், எந்த மாதம் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். எழுத்தில்லாத கல்லானாலும் படம் எடுத்து இடத்தைக் குறித்து வையுங்கள். திருப்பணிக் கூட்டம் நடந்தால் போய் உட்கார்ந்து, பழைய கல்லை உள்ளேயே வையுங்கள் என்று பணிவோடு சொல்லுங்கள். ஊரார் நிச்சயம் கேட்பார்கள். அது அவர்களுடைய பாட்டனார் கும்பிட்ட கல்.

இந்த வேலையைச் செய்துவிட்டு மாமல்லபுரத்துக்குப் போங்கள். உங்கள் ஊர்க் கோயிலை அளந்த கண்ணோடு போனால் அந்தக் கற்கூரை உங்களுக்கு வேறு விதமாகத் தெரியும். பழங்காலத்துக் கலைச்செல்வம் ஒன்றைப் பார்க்கப் போன பயணியாக இல்லாமல், தெரிந்த வீட்டுக்குப் போன உறவினராக அங்கே நிற்பீர்கள். அந்த உரிமையோடு அடுத்த தலைமுறை கொற்றவையின் வாசலில் நிற்க வேண்டும் என்பதே இந்த மேடையில் நான் வைக்கும் வேண்டுகோள்.